அலங்காரப் பூனை

வெப்சைட்டைக் கேட்டா பூனை வீடு தேடி வரும்ங்கிறது எங்க தூத்துக்குடியில இப்போ யாருக்கும் அதிசயம் இல்ல, தண்ணி லாரி வர்ற மாதிரி, சாயங்காலம் கடல் காத்து திரும்புற மாதிரி அதுவும் ஒரு வழக்கமாப் போச்சு. ஆனா அது ஆரம்பிச்சது எங்க வீட்டு முன்ரூம்ல, என் தங்கச்சி டெல்பினோட கம்ப்யூட்டர்லதான்ங்கிறதை ஊர்ல பாதிப் பேரு மறந்துட்டாங்க, மறக்காத மிச்சப் பாதி அந்தப் பேரைத் தூக்கிக் கித்தேரி மிஸ்ஸுக்குக் கொடுத்துட்டாங்க. அதுதான் என் தங்கச்சிக்கு வயித்தெரிச்சல், அந்த எரிச்சல்ல ஒரு பூனை பட்ட பாட்டைத்தான் நான் சொல்ல வாறேன்.

டெல்பின் வெப்சைட் செய்யிறவ. நகைக்கடை, கல்யாண மண்டபம், கேக் கடைன்னு அவ செஞ்சு கொடுத்ததையெல்லாம் திறந்தாலே வாயைப் பொளந்துட்டு நிப்பாங்க, அவ்வளவு பவுசா இருக்கும். மீன்பிடித் துறைமுகத்துல அடிபட்டுக் கெடக்குற பூனைங்களை எடுத்து மருந்து போட்டு, குட்டி போடாம இருக்க ஆபரேஷன் பண்ணி, நல்ல வீடா பாத்துக் கொடுக்குறதுக்கு இங்க ஒரு பூனை மன்றம் இருக்கு, நான் அதுக்கு மீன்தலை அவிச்சுக் கொடுக்கிறவ, அந்தப் பழக்கத்துல அவங்க வந்து கேக்க, இவளும் அவங்களுக்கு ஒரு வெப்சைட் செஞ்சா. சந்தன நிறத்துல பின்னணி, அதுக்கு மேல அதைவிட இளசான சந்தனத்துல எழுத்து, பூனைப் படமெல்லாம் தானா நகந்து நகந்து போகும். முதல் படம் அவளோட சொந்தப் பூனை சூடை, குட்டியா கால் ஒடிஞ்சு வலைக்கூடைக்குள்ள கெடந்ததை இவதான் தூக்கிட்டு வந்து வளத்தா. மன்றத்துக்காரங்க ஆகா ஓகோன்னாங்க, இவளுக்குத் தலைகால் புரியல.

அப்புறம் யாரோ ஒரு புண்ணியவான், எதுக்கும் கித்தேரி மிஸ்கிட்ட ஒரு தடவை காட்டிடுவோம்னு சொன்னான்.

கித்தேரி மிஸ் பொம்பளைப் பிள்ளைங்க காலேஜ்ல வரலாறு எடுக்குறவங்க. பிறவியிலேயே கண்ணு தெரியாது, போன் எல்லாத்தையும் அவங்களுக்குச் சத்தமா வாசிச்சுச் சொல்லும். கஞ்சி போட்ட காட்டன் சேலை, இஸ்திரி மடிப்பு கலையாம வந்து உக்காந்தாங்க, போனை மேசைமேல வச்சு விரலால ஒரு இழுப்பு இழுத்தாங்க. போன் சொல்லுது, "பட்டன். பட்டன். படம். படம். பூனை. பூனை. பூனை. இங்கே சொடுக்கவும். இங்கே சொடுக்கவும்." அவங்க கடைசி வரைக்கும் பொறுமையாக் கேட்டுட்டு, "வீடு நல்லா இருக்கும்போல, டெல்பின். வாசல் எந்தப் பக்கம்?"னு கேட்டாங்க. என் தங்கச்சி மூஞ்சி போன போக்கை நான் பாத்தேன், அவங்க பாக்கல, அது ஒண்ணுதான் அன்னிக்கு நடந்த நல்லது.

சும்மா சொல்லக் கூடாது, அதுக்குப் பிறகு ரெண்டு பேரும் உக்காந்து மாத்துனாங்க. ஓடுற படங்களை நிப்பாட்டுனாங்க, பட்டனுக்கெல்லாம் பேரு வச்சாங்க, எழுத்தைக் கறுப்பாக்குனாங்க, அதுல எழுத்து இருக்குங்கிறதே எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுது. பூனைக்குப் பால் ஊத்தாதீங்க, தனியாக் கெடக்குற குட்டியை உடனே தூக்காதீங்க, தாய் இரை தேடப் போயிருக்கும், கொஞ்ச நேரம் பொறுங்க, கடிச்சா சோப்புப் போட்டுக் கழுவிட்டு ஊசிக்குப் போங்கன்னு, யார் கேட்டாலும் மண்டையில ஏறுற மாதிரி எழுதுனாங்க. ஒவ்வொரு படத்துக்கும் வார்த்தை வேணும்னு மிஸ் ஒத்தைக் கால்ல நின்னாங்க. "பூனைன்னு தெரியுதும்மா, எந்தப் பூனை?"ன்னு கேட்டு, ஒவ்வொண்ணா மடியில வைக்கச் சொல்லி, காதுல இருந்து வால் வரைக்கும் தடவிப் பாத்துச் சொல்லச் சொல்ல, இவ டைப் அடிச்சா. "நிறத்தை மட்டும் நீ போட்டுக்கோ, அது எனக்குத் தெரியாது"ன்னாங்க. ஆக அத்தனை பூனையிலயும் என் தங்கச்சி பங்கு ஒத்தை வார்த்தை.

ஒண்ணு எனக்கு மனப்பாடமே ஆயிட்டு. "கறுப்புப் பெண் பூனை. வலது காது நுனி கிழிந்திருக்கும். முதுகெலும்பு ஜெபமாலை மணி போல விரலில் தட்டும். வயிற்றைத் தொட்டால் கடிக்கும், காதுக்குப் பின்னால் தொட்டால் மன்னிக்கும்."

இதை மிஸ் அவங்க வீட்ல போன்ல கேட்டுட்டு உலையில அரிசி போட்டாங்களாம், சோறு வடிக்கிறதுக்குள்ள அந்தக் கறுப்புப் பூனை ஊரோட மறுகோடியில இருந்த கூண்டைவிட்டு வந்து வாசல்ல உக்காந்து, கூப்பிட்டீங்களான்னு கேக்குற மாதிரி ஒரு சத்தம் கொடுத்துச்சாம். கூண்டுக் கொக்கி லூசா இருந்திருக்கும்னாங்க மன்றத்துல. அடுத்த நாள் உப்பளத்துக் கணக்கப்பிள்ளை ஒருத்தர் ஒரு சாம்பல் பூனையைக் கேட்டாரு, அது நடந்து போய் அவர் மேசைக்கடியில படுத்துக்கிடுச்சு. அதுக்கப்புறம் கொக்கியைப் பத்தி யாரும் பேசல.

ஊர் அதை எப்படி எடுத்துக்கிட்டுன்னா, எல்லாத்தையும் எடுத்துக்கிற மாதிரிதான் எடுத்துக்கிட்டு. முதல்ல குறை சொல்லுச்சு, படத்தைப் பாத்தா வரமாட்டேங்குது, கேட்டாத்தான் வருது, கண்ணு தெரியுறது எங்க குத்தமான்னு கேட்டுச்சு, பிறகு போனை வாசிக்க வைக்கிறது எப்படின்னு கண்ணு தெரியாத ஆளுங்ககிட்டப் போய்க் கத்துக்கிட்டு வந்துச்சு. பூனை வந்தாலும் கட்டாயம் இல்ல, பிடிச்சா இருக்கும், பிடிக்கலன்னா வந்த வழியே போயிடும்ங்கிறதால, பூனை வர்ற அன்னிக்குப் புருஷன் பொண்டாட்டி சண்டையை ஒத்திப்போட்டாங்க, நாயை அவுத்துவிடாம கட்டிப்போட்டாங்க, பால் கிண்ணத்தை எடுத்து ஒளிச்சு வச்சாங்க. பஸ்ல சத்தமா வச்சுக் கேக்கக் கூடாதுன்னு கண்டக்டருங்க சொல்லிட்டாங்க, ஏன்னா பூனை ஓடுற பஸ்ஸைத் துரத்தி வந்துச்சு. மாதா கோயில் திருவிழாவுல மைக்செட்காரன் வெளையாட்டா அந்தப் பக்கத்தை ஒலிபெருக்கியில போட்டுட்டான், ஊர்ப் பூனை மொத்தமும் சப்பரத்துக்கு முன்னாடி வந்து வரிசையா உக்காந்துட்டு, தேங்காய்ப்பூ வித்தவன்ல இருந்து சாமியார் வரைக்கும் எல்லாரும் பூனை நகர்ற வரைக்கும் காத்துக்கிட்டு நின்னாங்க, பிறகு சப்பரம் போச்சு. அதுக்கப்புறம் பொறாமை ஆரம்பிச்சுது. அவ வீட்டுப் பூனைக்கு அஞ்சு வரி எழுதியிருக்கு, எங்க வீட்டுதுக்கு ரெண்டு வரிதானான்னு தெருவுக்குத் தெரு சண்டை, எங்க பூனை கொட்டாவி விடுறது அவ்வளவு அழகு, அதையும் போடுங்க மிஸ்னு காலேஜ் வாசல்ல கூட்டம். எல்லாரும் மிஸ்ஸைத்தான் கேட்டாங்க, வெப்சைட் செஞ்சவ ஒருத்தி இருக்காளேன்னு ஒரு நாதியும் கேக்கல.

"எரியுதுக்கா"ன்னா டெல்பின்.

"மோர் குடிக்கியாட்டி?"

"விளையாடாதக்கா. நெஜமாவே எரியுது."

எரியாம என்ன செய்யும்? மிஸ் தினமும் சாயங்காலம் காலேஜ் விட்டு வந்து சூடை படத்தோட வார்த்தையைப் போட்டுக் கேப்பாங்க, இந்தச் சவம் பிடிச்ச பூனை தூங்கிட்டு இருந்தாலும் காதை விறைச்சு எந்திரிச்சுப் போயிடும், மறுநாள் விடிஞ்ச பிறகுதான் வீடு திரும்பும். இவளும் அதே வார்த்தையைப் போட்டுக் கேட்டுப் பாத்தா. அவன் ஏற்கனவே வீட்டுலதான கெடக்கான், எங்கேயிருந்து வர? ஒரு கண்ணைத் திறந்து பாத்துட்டு மூடிக்கிட்டான். இன்னொண்ணு, திரும்பி வரும்போது அவன் கழுத்துல மக்ரூன் வாசனை வரும், முந்திரியும் சீனியும் சேந்து சூளையில வேகுற அந்த வாசனை. "பூனைக்கு இனிப்பு கொடுக்காதீங்கன்னு எழுதச் சொன்னதே அந்தம்மாதான், அவங்களே மக்ரூனை ஊட்டி என் பிள்ளையை மயக்குறாங்க, அதைப் பெருமையா எழுதவேற சொல்லியிருக்காங்க பாரு!"ம்பா. நெஜம்தான், சூடை படத்துக்கு மிஸ் சொன்னதுல அந்த வரியும் இருந்துச்சு, "கழுத்தில் மக்ரூன் வாசனை வரும்"னு.

எனக்கும் எரிஞ்சுது, அதை நான் யார்கிட்டச் சொல்ல? முன்னெல்லாம் நான் மீன் ஆயும்போது பக்கத்துல உக்காந்து ஊர்க்கதை பேசுறவ, இப்போ வாயைத் திறந்தா மிஸ், மூடுனா மிஸ். திட்டுறதுக்குன்னாலும் அவங்க பேருதானே வருது.

இப்போ இந்த வேலையில ஒரு சங்கதி இருக்கு, அதை உங்களுக்குச் சொல்லிடணும். படத்துக்குக் கீழ வார்த்தை எழுதுற இடத்துல சின்னதா ஒரு கட்டம் இருக்கும், "இது வெறும் அலங்காரப் படம்"னு. அதைத் தொட்டு டிக் போட்டுட்டா, வாசிக்கிற குரல் அந்தப் படத்தை ஒண்ணும் சொல்லாமக் கடந்து போயிடும். மூலையில வரையுற பூக்கொடி, நடுவுல போடுற கோடு, இதையெல்லாம் வாசிச்சா கேக்குறவங்களுக்குத் தலைவலிதான் மிச்சம்ங்கிறதுக்காக வச்ச கட்டம் அது. ஒரு மத்தியானம், முந்தின நாள் சாயங்காலம் மிஸ்ஸைப் பாராட்டிக் காலேஜ்ல மாலை போட்ட படம் எல்லார் போன்லயும் சுத்துச்சு, அவங்க கழுத்துல மாலை, மடியில சூடை. டெல்பின் கம்ப்யூட்டரைத் திறந்தா, சூடை படத்துக்குக் கீழ அந்தக் கட்டத்தைத் தொட்டு டிக் போட்டா. "இனி எவ கூப்பிடுறான்னு பாக்குறேன்"னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்து சாளை மீன் பொரிச்சா.

அன்னிக்குச் சாயங்காலம் சூடை எங்கேயும் போகல. ஃப்ரிட்ஜ் மேல ஏறி உக்காந்தான், வாலைச் சுத்தி முன்னங்கால் மேல போட்டுக்கிட்டான், செம்பட்டை முடி பளபளன்னு மின்ன அப்படியே இருந்தான். இவளுக்கு வாயெல்லாம் பல்லு. பொரிச்ச சாளையைக் கொண்டு நீட்டுனா, அவன் மோந்துகூடப் பாக்கல. வாயைத் திறந்தான், சத்தம் வரல. தூக்குனா, கையில கனமே இல்ல.

மீன்காரி ரோசம்மா வழக்கமா அவனுக்கு ஒரு தலையைத் தூக்கிப் போட்டுட்டுத்தான் கூடையை இறக்குவா, அவ கண்ணு அவனைத் தாண்டிப் போயிட்டு. மன்றத்துல இருந்து வந்தவங்க ஃப்ரிட்ஜைப் பாத்து, "அடடா, எங்க வாங்குனீங்க, வீட்டுக்கே ஒரு களை வந்துட்டு"ன்னாங்க. தெருப் பூனை ஒண்ணு ஏறி வந்து அவன் உக்காந்திருந்த இடத்துலேயே உக்காந்துச்சு, அவனும் அங்கேயே இருந்தான், ரெண்டுக்கும் ஒரு இடைஞ்சலும் இல்ல. நேரா பாத்தா அவ்வளவு அழகு, பக்கவாட்டுல போய்ப் பாத்தா ஒண்ணுமே இல்ல, ஒரு கோடு. நாள் போகப் போக வெயில் பட்ட காலண்டர் மாதிரி ஓரமெல்லாம் வெளுக்க ஆரம்பிச்சான், முதல்ல மீசை போச்சு, அப்புறம் வால் நுனி.

டெல்பின் அழுத அழுகை இருக்கே! ஓடிப்போய் டிக்கை எடுத்தா, எடுத்தா என்ன, டிக் போட்ட அன்னிக்கே பழைய வார்த்தை எல்லாம் அழிஞ்சு போயிருந்துச்சு, கட்டம் காலியாக் கெடந்துச்சு. இவளே எழுதுனா. "பொன்னிறக் கண்களும் இளவெயிலில் மின்னும் ரோமமும் கொண்ட அழகிய பூனை"ன்னு போட்டுப் போனை வாசிக்க வச்சா. மின்னுறது கூடிச்சு, கனம் வரல. இன்னும் அழகா எழுதுனா, இன்னும் மின்னுனான், அவ்வளவுதான்.

"போய் அந்த மிஸ்ஸைக் கூட்டிட்டு வா"ன்னேன்.

"மாட்டேன். செத்தாலும் மாட்டேன்."

"சாகப் போறது நீயில்லட்டி, அவன்."

அந்நேரம் பாத்து கடல் காத்து திரும்புச்சு. ஜன்னல் வழியா ஒரு வீச்சு வீச, சூடை ஃப்ரிட்ஜ் மேலேயிருந்து எழும்பிப் போய் ஜன்னல் கம்பியில ஒட்டிக்கிட்டான், பாதி உள்ள, பாதி வெளிய. இவ ஐயோன்னு கத்திக்கிட்டு அவனை உரிச்சு எடுத்துப் பழையபடி ஃப்ரிட்ஜ் மேல வச்சு, ஜன்னலைச் சாத்திட்டு, கால்ல செருப்புகூடப் போடாம ஓடுனா.

மிஸ் வந்தாங்க. அவங்களும் இத்தனை நாளும் அவனைக் காணாம, இவ வேணும்னே கட்டிப்போட்டுட்டான்னு நினைச்சுக் கருவிக்கிட்டு இருந்திருக்காங்க, சேலை மடிப்பெல்லாம் கலைஞ்சு கெடந்துச்சு. டெல்பின் அவங்க கையைப் பிடிச்சுக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜ் மேல வச்சா.

"எங்க?"

"உங்க கை அவன் மேலதான் இருக்கு மிஸ்."

மிஸ் விரலை இப்படியும் அப்படியும் அசைச்சாங்க. "என்ன செஞ்ச?"ன்னு கேட்டாங்க.

"அலங்காரம்னு டிக் போட்டுட்டேன்."

"எதுக்கு?"

"எரிஞ்சுது மிஸ். நான் வளத்த பிள்ளை உங்க மடியில போய் உக்காருது. நான் செஞ்ச வெப்சைட்டுக்கு உங்க கழுத்துல மாலை."

"எனக்கு எரியாதுன்னு நினைச்சியா? அவன் தெருமுனையில வரும்போதே நீ பாத்துடுற. எனக்கு அவன் மடியில ஏறின பிறகுதான் வந்தான்னே தெரியும், இறங்கிட்டா போயிட்டான். என்னதான் தடவிக் கொடுத்தாலும் விடிஞ்சா உன்கிட்டத்தான் ஓடிடுறான். உன்னை நினைச்சா பத்திக்கிட்டு வரும் எனக்கு"ன்னு சொல்லி, மிஸ் பொத்துன்னு நாற்காலியில உக்காந்துட்டாங்க.

"நீங்க முன்ன சொன்னதையே திரும்பச் சொல்லுங்க மிஸ்."

"அது கைக்குத் தெரிஞ்சதைச் சொன்னது. இப்போ கையில ஒண்ணும் இல்லையேம்மா."

ரெண்டும் மூக்கைச் சிந்திக்கிட்டு உக்காந்திருச்சுங்க. எனக்கு வந்துது பாருங்க கோவம்! "அழுதது போதும், அவன் பண்ணுற சேட்டையைச் சொல்லித் தொலைங்களேன்! எனக்குத் தெரிஞ்சதே ஆயிரம் இருக்கு"ன்னு ஒரு சத்தம் போட்டேன்.

டெல்பின் மூக்கைத் துடைச்சுட்டு டைப் அடிச்சா. "செம்பட்டை ஆண் பூனை. இடது பின்னங்கால் வளைந்திருக்கும்."

"ஆமா, அதனால அவன் குதிச்சா மூணு கால் சத்தம்தான் கேக்கும்"ன்னாங்க மிஸ். அதையும் அடிச்சா.

"குளியலறைக் கதவைச் சாத்தினால் சுரண்டும்."

"எங்க வீட்ல சுரண்டாது."

"எங்க வீட்ல சுரண்டும் மிஸ்!"

"சரி, ரெண்டையும் போடு."

அப்படியே சண்டை போட்டுச் சண்டை போட்டு எழுதுனாங்க. காலம்பற மூஞ்சியில பாதத்தால அடிச்சு எழுப்புவான்னு இவ சொன்னா, மூஞ்சியில இல்ல, காதுலன்னு அவங்க சொன்னாங்க. திருடுவான்னு நான் சொன்னேன், ரெண்டு பேரும் சேந்து என்னை முறைச்சாங்க, ஆனாலும் போட்டாங்க. வரி ஏற ஏற ஃப்ரிட்ஜ் மேல விரிச்சிருந்த துணி மெல்லக் குழிஞ்சதை நான் என் கண்ணால பாத்தேன். ஆனா முழுசா குழியல. இன்னும் ஏதோ பாக்கி இருந்துச்சு, என்னதுன்னு மூணு பேருக்கும் தெரியும், இவ கைதான் அதுக்கு வரமாட்டேன்னுச்சு. கடைசியில பல்லைக் கடிச்சுக்கிட்டு அடிச்சா, கண்ணுல தண்ணி கொட்டுது. "சாயங்காலம் ஆனால் கித்தேரி மிஸ் வீட்டுக்குப் போய்விடும்."

மிஸ் நாற்காலியை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டாங்க. பிறகு, "விடிந்தால் டெல்பினிடம் திரும்பிவிடும், யார் பிடித்து வைத்தாலும் நிற்காது. அதையும் போடு"ன்னாங்க. அப்புறம் குரல்ல ஒரு குத்தலோட, "மக்ரூன் வாசனையை விட்டுடாத"ன்னாங்க. டெல்பின் உதட்டைக் கடிச்சுக்கிட்டு அதையும் அடிச்சா.

போனை மேசைமேல வச்சாங்க. குரல் ஒவ்வொரு வரியா வாசிச்சுது. வாசிச்சு முடிச்சதும் ஃப்ரிட்ஜ் மேலேயிருந்து தொப்புன்னு ஒரு சத்தம், மூணு கால் சத்தம். பிளாஸ்டிக் பூச்சாடி ஒண்ணு கூடவே விழுந்து உருண்டுச்சு. சூடை நேரா என் சட்டிக்குப் போய், ஆற வச்சிருந்த மீன்தலையைக் கவ்வி, எத்தனை நாள் பசியோ, முள்ளு நொறுங்கத் தின்னான். டெல்பின் அவனை வாரித் தூக்கிக் கழுத்துல மூஞ்சியைப் புதைச்சா, மிஸ் தட்டுத் தடுமாறி வந்து அவன் முதுகைத் தடவித் தடவி அழுதாங்க. நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டேன், புகை.

"அம்மாடி, என்ன கனம்!"னு சொன்னவ, கழுத்துல இருந்து மூஞ்சியை எடுத்துட்டு, "மிஸ், ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். சாயங்காலம் தாராளமா வச்சுக்கோங்க. இந்த மக்ரூன் மட்டும் இனிமே கொடுக்காதீங்க, அவனுக்கு ஆகாது"ன்னா.

மிஸ் கை அப்படியே நின்னுட்டு. "நானா? எனக்கு சுகர் வந்து வருஷக் கணக்காச்சு, எங்க வீட்ல சீனி டப்பாவே கிடையாது. நீதான் கொடுக்குறன்னு நினைச்சுல்ல ஒரு குத்தலுக்கு அந்த வரியைப் போடச் சொன்னேன்?"

"எங்க வீட்லயா? எங்க அக்கா மீன்தலையைத் தவிர வேற என்னத்தை அடுப்புல வைக்கிறா?"

அந்த நேரத்துல சூடை டெல்பின் கையை ஒரு உதறு உதறிட்டுக் குதிச்சான், மீசையை நக்கிச் சுத்தம் பண்ணிக்கிட்டான், வாசலைத் தாண்டி இறங்குனான். சாயங்காலம் ஆயிட்டு, ஆனா மிஸ் இங்கதான் இருக்காங்க, டெல்பினும் இங்கதான் இருக்கா. அவன் மிஸ் தெருவுக்குப் போற வலது பக்கம் திரும்பல, வாலைத் தூக்கிக்கிட்டு, புது மாப்பிள்ளை கணக்கா, இடது பக்கம் திரும்பி நடந்தான்.

"மிஸ்," டெல்பின் வாசல்ல இருந்து எட்டிப் பாத்துச் சொன்னா, "உங்க தெருவுக்குப் போகல."

கித்தேரி மிஸ் மூக்கை உயத்திக் காத்தை இழுத்தாங்க. காலேஜ்ல பாடம் எடுக்குற அந்தம்மா, யாரையும் வாம்மா போம்மான்னு தவிர கூப்பிட்டு நான் கேட்டதே இல்ல, என் தங்கச்சி முழங்கையை இறுக்கிப் பிடிச்சு, "யாருட்டி அவ?"ன்னாங்க.

"தெரியலையே மிஸ்!"

"வா. நீ தெருவைப் பாத்துச் சொல்லு, நான் வாசனையைப் பிடிச்சுச் சொல்லுறேன். இன்னிக்கு அவளை விடக் கூடாது."

ரெண்டு பேரும் கையைக் கோத்துக்கிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு விறுவிறுன்னு இறங்கிப் போனாங்க. நான் அடுப்பை அணைச்சேன், கதவைப் பூட்டுனேன், பின்னாடியே ஓடுனேன். அவனுக்கு மீன்தலை அவிச்சுப் போடுறவ நானு, எனக்கும் தெரியணும்ல?